பஞ்சுக்கைக்காரர்

கத்தரியை எடுப்பதற்கு முன், ஐம்பதைத் தாண்டிய தலை எதுவானாலும் இரண்டு நெற்றிப்பொட்டிலும் விரல் வைத்து அழுத்திப் பார்க்கிறார் முடிதிருத்துபவர். "வலிக்குதா?" என்கிறார். "முடி வெட்ட வந்தேனா, வைத்தியம் பாக்க வந்தேனா?" என்று கேட்பவருக்குப் பதில் கிடையாது. "மென்னு சாப்பிடும்போது தாடை வலிக்குதா?" என்று அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்.

இத்தனைக்கும் பேச்சுக்குப் பஞ்சமில்லாத மனிதர். நாற்காலியில் உட்காருபவரின் சம்பந்திச் சண்டை வரை அவருக்கு அத்துப்படி. வட்டாரத்தில் அவருக்குப் பஞ்சுக்கைக்காரர் என்று பெயர். அந்தப் பெயரைப் பரப்பியதே அவர்தான் என்பது மனைவியின் கட்சி. "என் சீப்புக்கு இதுவரைக்கும் ஒருத்தர் முகம் சுளிச்சதில்ல" என்பார். குழந்தைகள் அலறுவதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

அந்தப் பெருமைதான் அவரைக் கவிழ்த்தது. மனைவியின் அண்ணன் வேன் ஓட்டுநர், அறுபதைக் கடந்தவர். இவரைத் தவிர வேறு யாரிடமும் தலையைக் கொடுத்ததில்லை. போன வருடம் ஒருநாள் சீப்பு பட்டதும், "மெதுவா மாப்ளே" என்று தலையை இழுத்துக்கொண்டார். மறுபடி பட்டதும் கையையே தட்டிவிட்டார். "பஞ்சு முள்ளாயிடுச்சா?" என்று காத்திருந்தவர் ஒருவர் கேட்க, கடையே சிரித்தது. சாப்பிடும்போது தாடை கடுக்கிறது என்றும் மச்சான் சொன்னார். "பேசிப் பேசித் தேஞ்சிருக்கும்" என்று கிண்டலடித்தார் இவர். எரிச்சல் அதிலும் அடங்கவில்லை. "என் கை பிடிக்கலைன்னா வேற கடை பாத்துக்குங்க மச்சான்" என்று சொல்லியே விட்டார்.

மச்சான் பாதி வெட்டிய தலையோடு எழுந்து போனார். அடுத்த வாரம் ஒரு காலையில் கண் விழித்தபோது அவருக்கு இடது கண் இருட்டாக இருந்தது.

மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு ஓடியவர் இவர்தான். மருத்துவர் பொறுமையாகவே சொன்னார். "ரத்தக்குழாயோட சுவர்ல அழற்சி. சுவர் வீங்கினா உள்ள வழி குறுகிடும். தலையைத் தொட்டா வலி, தாடை வலி எல்லாம் அதனாலதான். இப்ப கண்ணுக்குப் போற ரத்தம் நின்னிருக்கு. போன பார்வை திரும்புறது கஷ்டம். மாத்திரையை ஒழுங்கா எடுத்தா அடுத்த கண்ணைக் காப்பாத்தலாம்." பிறகு, "நெத்திப்பொட்டுல குழாய் தடிச்சிருக்கே, முன்னாடி யாரும் கவனிக்கலையா?" என்று கேட்டார்.

இவர் கவனித்திருந்தார். அன்று சீப்பு போன வழியில், தோலுக்கு அடியில் முறுக்கிய நூல்போல ஒன்று இவர் விரலில் பட்டது. என்ன இது என்று கேட்க வாய் வரை வந்ததை ரோஷம் விழுங்கிவிட்டது.

இது மனைவிக்கும் தெரியாது. அண்ணனின் வேன் வாசலில் சும்மா நிற்பதைச் சொல்லி அவள் அழும்போது பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுக்கிறார். தடவுகிற கையை நினைத்துத் தனக்குள் கூனிக் குறுகிப் போகிறார்.

நேற்று மச்சான் கடைக்கு வந்தார். மாத்திரையால் முகம் உப்பியிருந்தது. "இப்ப வலியில்ல, தைரியமா வெட்டுங்க மாப்ளே" என்றார். வெளிச்சம் போதவில்லை என்று சாக்குச் சொல்லி இவர் நாற்காலியைக் கண்ணாடியிலிருந்து தெருப்பக்கம் திருப்பினார். பார்வை போன பக்கமாகவே நின்று வெட்டினார்.

"அன்னிக்கு நாலு பேர் முன்னாடி உங்க கையைத் தட்டிவிட்டிருக்கக் கூடாது. மனசுல வச்சுக்காதீங்க" என்றார் மச்சான்.

கத்தரி நின்றது. அதை மேடையில் வைத்துவிட்டு நாற்காலியைச் சுற்றி வந்தார். மச்சானின் வலது கண்ணுக்கு நேராகத் தன் முகம் வரும்படி தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"அன்னிக்கே என் விரல்ல பட்டுச்சு மச்சான். தடிப்பா இருந்துச்சு. நான் சொல்லல."

மச்சான் அந்த ஒரு கண்ணால் பார்த்து முடிக்கும்வரை முகத்தைத் திருப்பாமல் அப்படியே இருந்தார்.