வலது பக்கத்துப் பாடகர்

பழைய இசைத்தட்டு விற்பவனுக்கு இசையைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்தால் போதும், ஊரார் வீட்டு வயர்களைப் பற்றித்தான் நிறையத் தெரிந்திருக்க வேண்டும். நாள் முழுக்க நின்று பதில் சொல்லும் கடைக்கார நண்பர்களே, உங்களுக்கு இது புரியும்.

பாட்டைக் காணோம்

நியூசிலாந்தின் ஓக்லாந்து நகரில், த்ரீ கிங்ஸ் பகுதியில் எங்கள் கடை. மாசி என்ற புறநகரில் இருக்கும் செந்தில், அறுபதுகளின் கடைசியில் ஓர் ஓக்லாந்து பாப்-ராக் குழு வெளியிட்ட ஆல்பத்தை வாங்கிப் போனார். கித்தார் பின்னோக்கி ஓடும், ஆர்கன் தலைசுற்ற வைக்கும், அந்தக் காலத்து மயக்கம் அப்படி. மறுநாளே திரும்பி வந்தார். பாட்டே இல்லையாம்.

அன்றைய ஸ்டீரியோவில் வாத்தியங்களை இடப்பக்கமும் குரலை வலப்பக்கமும் ஒதுக்கிவிடுவார்கள். இவர் வலது ஸ்பீக்கரின் வயரைச் செருகவே இல்லை. விளக்கினேன். கொஞ்சம் யோசித்தார்.

“பாடுறவர் இல்லாமலே நல்லாத்தாங்க இருந்துச்சு.”

மாற்றி மாட்டிய ஹெட்போன்

அந்தப் பாடுகிறவரே ஒருநாள் வெஸ்ட்கேட் பகுதியிலிருந்து வந்து நின்றார். பெயர் கிரஹாம், எண்பதை நெருங்கியவர். டிரம்ஸ் அடித்த நண்பன் தாளத்தை இழுத்துக் கெடுத்தான் என்று, ஒலிப்பதிவு முடிந்த கையோடு சண்டை பிடித்துக் குழுவை விட்டவர். அதன்பின் நண்பனோடு பேச்சுமில்லை, ஆல்பத்தைக் கேட்டதுமில்லை. இப்போது வலது காது போய்விட்டது. இடதும் நிலைக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அதற்குள் தன் குரலை ஒருமுறை கேட்டுவிட வேண்டும்.

கடையிலிருந்த இன்னொரு பிரதியைப் போட்டு ஹெட்போனை மாட்டினேன். நல்ல காதில் டிரம்ஸ்தான் விழுந்தது. முகம் வாடிப்போனது. இடம் வலமாக மாற்றி மாட்டினேன். குரல் மட்டும் தனியே வந்ததும் மனிதர் வாய்விட்டுச் சிரித்தார். அவர் சொன்னது, என் தமிழில்:

“கேளும், எவ்வளவு சுத்தமாப் பாடியிருக்கிறன்! பிழை முழுக்க அவனிலைதான்.”

மோனோ பொத்தான்

அத்தோடு விட்டிருக்கலாம். தொழில் தெரிந்தவன் என்ற திமிர் விடவில்லை. இரண்டு பக்கத்தையும் கலந்து தரும் மோனோ பொத்தானை அழுத்தி, கடை ஸ்பீக்கரிலும் ஓடவிட்டேன்.

பாதிப் பாட்டில் அவர் சிரிப்பு நின்றது. ஊசியைத் திரும்ப வைக்கச் சொன்னார். பிறகு இன்னொரு தரம். டிரம்ஸ் மணிக்கூடு மாதிரி நேராகப் போனது. குரல்தான் வரிக்கு வரி முந்தி ஓடியது. கூட வேலை செய்யும் சுகந்தி, “அந்த மனுசனைச் சும்மா விட்டிருக்கலாம், அண்ணை” என்று மெல்லச் சொன்னாள். எனக்கு வெட்கமாக இருந்தது.

கிரஹாம் ஹெட்போனைக் கழற்றினார். ஆல்பத்தை வாங்கவில்லை, போனைத்தான் எடுத்தார்.

“இந்தக் காது இருக்கேக்கையே அவன்ரை ஏச்சைக் கேட்டிட வேணும்.”

அன்று கடையில் ஒரு தட்டும் விற்கவில்லை, ஆனாலும் நல்ல வியாபாரம் நடந்தது என்பதை முதலாளிக்கு எப்படி விளக்குவது என்றுதான் இன்னும் பிடிபடவில்லை.