மேலே பதினொன்று, கீழே ஏழு

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் கிருஷாந்தி ஏழு வருஷம் தேயிலைக் கொழுந்து எடுத்தவள். ஹட்டனில் ஒரு கணினி நிறுவனம் ஆள் எடுக்கிறது, பரீட்சையில் பாலப் புதிர் கட்டாயம் வரும் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து, ஓய்ந்த நேரமெல்லாம் கைப்பேசியில் பாலம் போட்டுக்கொண்டிருந்தாள். இருபத்தாறு வயசுக்கு மேல் எடுக்கமாட்டார்கள். அவளுக்கு அடுத்த மாதம் இருபத்தேழு.

வட்டங்கள் தீவுகள். உள்ளேயிருக்கும் எண், அந்தத் தீவுக்கு எத்தனை பாலம் என்று சொல்லும். பாலம் நெடுக்காகவோ குறுக்காகவோ நேர்கோடுதான். இரண்டு தீவுக்கு நடுவே இரண்டு பாலத்துக்கு மேல் கூடாது. ஒன்றையொன்று வெட்டவும் கூடாது. கடைசியில் எங்கிருந்தும் எங்கேயும் போக முடிய வேண்டும்.

"நடுவுல எட்டுன்னா யோசிக்கவே வேணாங்க்கா, நாலு பக்கமும் ரெண்டு ரெண்டு," என்பாள் பக்கத்துச் செடி நிரையில் கொழுந்து எடுக்கும் மீனம்மாவிடம். "மூலையில மூணுன்னா ரெண்டு பக்கமும் ஒன்னாவது நிச்சயம். அத மொதல்ல போட்டுறணும்."

"மொதல்ல ஒன் நெரையில கொழுந்த எடுடி. பாலம் கட்டணும்னா கொத்மலை டேமுக்குப் போ, அங்கதான் தண்ணி கெடக்கு."

வெட்டக் கூடாது என்பதை அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அடுத்தவர் நிரையில் கை வைத்தால் என்ன சண்டை வரும் என்று தெரிந்தவள்.

செவ்வாய்க்கிழமை பரீட்சைக்கு வட்டகொடையில் ரயில் ஏறி ஹட்டன் போனாள். புதிருக்குப் பதினைந்து நிமிஷம், பதினெட்டுத் தீவுகள். மூலை, ஓரம், நடு என்று போய் ஒன்பது நிமிஷத்தில் எல்லா எண்ணும் சரி. எழுந்து கொடுத்துவிடலாம். மனசு கேட்கவில்லை. பென்சில் முனையால் கோடுகளின் மேலேயே நடந்து பார்த்தாள். பதினோரு தீவோடு வழி முடிந்தது. கீழே ஏழு தனியாக நின்றன.

அவ்வளவு நேரம் அது கண்ணில் உறுத்தவே இல்லை. எப்படி உறுத்தும்? எங்கள் தோட்டத்தில் மேல்பிரிவுக்கு ஒரு கோவில், ஒரு திருவிழா, கீழ்ப்பிரிவுக்கு வேறு. அதை யாரும் பிழை என்று நினைத்ததில்லை.

எண்கள் சரியாக இருப்பதே தொல்லையானது. புதிதாக ஒரு கோடு போட்டால் இரண்டு எண் கெடும். பக்கத்திலிருந்தவன் எரிச்சலோடு சொன்னான்: "மேசைய ஆட்டாதீங்க."

"நான் ஆட்டல, காலு ஆட்டுது."

பதினொன்றின் அடி வரிசையில் இரண்டு தீவுக்கு நடுவே இரட்டைக் கோடு இருந்தது. அதற்கு நேர் கீழே, ஏழின் தலை வரிசையிலும் அதேபோல் ஒரு சோடி. மேலே ஒரு கோட்டை அழித்தாள், கீழே ஒன்றை அழித்தாள். நான்கு தீவுக்கும் ஒவ்வொரு பாலம் குறைந்தது. மேலிருந்து கீழாக இரண்டு கோடு இழுத்தால் நான்கும் நிரம்பிவிடும். முதலாவதைப் போட்டாள். இரண்டாவதை இழுக்கும்போதே நேரம் முடிந்து தாளை வாங்கிவிட்டார்கள். கோடு போய்ச் சேர்ந்ததா என்று அவளுக்குச் சரியாகத் தெரியவில்லை.

புதன், வியாழன் கைப்பேசியில் பாலமே போடவில்லை. வெள்ளிக்கிழமை மலையில் கொழுந்து எடுக்கும்போது நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்தது. திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு வரச் சொன்னார்கள்.

"வேலைக்குங்களா, இன்னொரு பரீட்சைக்குங்களா?"

"வேலைக்குத்தான். வரும்போது..."

சிக்னல் போய்விட்டது. கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேட்டைப் பார்த்து ஓடினாள்.

"எங்கடி ஓடுற?" என்று கத்தினாள் மீனம்மா.

"வேல கெடச்சிருச்சுக்கா! என்ன கொண்டுவரணும்னு சொல்றதுக்குள்ள கட்டாயிருச்சு!"