வலது பக்கம் உட்கார்ந்து சொன்னது

அம்மா, நீ எங்களை ஏமாற்றி வளர்த்தாய். எனக்குச் சுற்றி வளைத்துச் சொல்லத் தெரியாது.

அப்பா ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் டிரில்லர். போர் போட மகாராஷ்டிரா, சத்தீஸ்கர் என்று போனால் எட்டு மாதம் ஆள் இருக்காது. மழை பிடித்த பிறகுதான் வண்டி திருச்செங்கோடு திரும்பும். அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் ஆரஞ்சு வாசனைதான் வருகிறது. நாக்பூர் பக்கத்திலிருந்து ஒரு சாக்கு நிறையக் கொண்டுவருவார். அவர் சட்டையை நீ மூன்று தண்ணீரில் அலசுவாய். வாளியடியில் பாறைத்தூள் மாவு மாதிரி படியும். நானும் அக்காவும் அதைத் தொட்டு வாசலில் கோடு போடுவோம்.

ஆரஞ்சை உரித்து நீட்டி, "தின்னு" என்று கத்துவார். தெருவே திரும்பிப் பார்க்கும். அழுதுகொண்டே தின்பேன். பழம் என்னவோ இனிப்புதான்.

"அப்பாவுக்கு ஏம்மா எப்பவும் கோவம்?" என்று அக்கா கேட்டாள்.

"வேல செஞ்ச அலுப்பு சாமி. கிட்டப் போயி நைநைன்னு பேசாதீங்க" என்றாய்.

அவர் இல்லாத எட்டு மாதமும் அந்தச் சத்தத்தை வைத்துத்தான் எங்களைச் சாப்பிட வைத்தாய், படிக்க வைத்தாய். "இரு, உங்கப்பா வரட்டும்" என்றால் போதும்.

ஏழாவது படிக்கும்போது ஓட்டப்பந்தயத்தில் முதலாவது வந்தேன். அப்பா வாசலில் கட்டிலில் இருந்தார். தைரியத்தைக் கூட்டிக்கொண்டு அவருக்கு வலது பக்கம் உட்கார்ந்து சொன்னேன். ரோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இன்னொரு தடவை சொன்னேன். எழுந்து குளிக்கப் போய்விட்டார். அதற்குப் பிறகு அவரிடம் நான் எதையும் சொன்னதில்லை. எனக்கு வேலை கிடைத்ததைக்கூட நீதான் சொன்னாய்.

போன வருடம் சேலத்தில் டாக்டர் அப்பாவைப் பார்த்துவிட்டு, வலது காது போய்ப் பல வருடம் ஆகிறது, இடதும் மந்தம், ரிக் கம்ப்ரசர் சத்தம்தான் காரணம் என்றார். திரும்பும்போது பஸ்ஸில் நீ கடலை உரித்துக்கொண்டே, "உங்கக்கா பொறந்தப்பவே எனக்குத் தெரியும்" என்றாய்.

"அப்புறம் ஏம்மா சொல்லல?"

"வெளிய தெரிஞ்சா வண்டியில ஏத்த மாட்டாங்கன்னு உங்கப்பா சொன்னாங்க. உங்க வாயி சும்மா இருக்குமா?"

"நாங்க பெருசான பொறவாச்சும் சொல்லியிருக்கலாமில்ல?"

"பயந்துக்கிட்டு ஒழுங்கா இருந்தீங்க. அப்படியே உட்டுட்டேன்."

தனியாக இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு நீ பட்ட பாடு எனக்குத் தெரியும். அதற்காக இதை விட முடியாது.

ஏனென்றால் நானும் கத்துகிறேன். என் காதுகளுக்கு ஒரு குறையும் இல்லை. ஆம்பிளை என்றால் வீட்டில் அப்படித்தான் பேசுவான் என்று நினைத்தே வளர்ந்துவிட்டேன். போன மாதம் வீட்டுப்பாடம் எழுதச் சொன்னபோது என் மகள், ஒன்பது வயது, தலை நிமிராமல், "எனக்குக் காது நல்லாக் கேக்குதுங்கப்பா" என்றாள். நான் வீட்டுக்குள் நுழைந்தால் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போகிறாள். பள்ளியில் நடப்பது எதுவும் என்னிடம் வருவதில்லை. அப்பாவுக்காவது கோபம் இல்லை. எனக்கு இருக்கிறது.

போன வாரம் நீ அவளிடம், "இரு, உங்கப்பன் வரட்டும்" என்று சொன்னது என் காதில் விழுந்தது.

தை மாதம் குலதெய்வக் கோயிலில் பங்காளிகள் எல்லோரும் கூடுவார்கள். அப்பா, அக்கா, என் மகள் எல்லோரும் இருப்பார்கள். அவருக்குக் கோபமில்லை என்று தெரிந்தும் எங்களை ஏன் பயத்திலேயே வைத்திருந்தாய்? அங்கே, அத்தனை பேர் முன்னால் பதில் சொல்.