கொக்கு சுட வந்தவர்கள்

ஜப்பான்காரன் ஆட்சியில் நான் வேலை பார்த்த துணிக்கடையில் விற்பதற்குத் துணியே இல்லாமல் போயிற்று. முதலாளி கதவைச் சாத்திவிட்டார். காஜா பெராங்கில் தவுக்கே என்று எல்லாரும் கூப்பிடும் ஒரு சீன முதலாளியின் வயலில், கதிர் முற்றி அறுக்கிறவரை குருவி விரட்டும் வேலைக்குப் போனேன். வயல் நடுவே ஒரு பரண். அங்கிருந்து நாலாபக்கமும் கயிறுகள் ஓடும். கயிற்றில் பழைய பால்டின்கள் தொங்கும். இழுத்தால் கடகடவென்று சத்தம் கிளம்பும். கூலியாக அரிசி கொடுத்தார்கள்.

ஒருநாள் காலையில் அக்காவும் மச்சானும் குருபோங் தோட்டத்திலிருந்து நடந்தே வந்தார்கள். சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் ஆள் பிடித்துக்கொண்டிருந்த சமயம் அது. தோட்டத்துக் கணக்குப் பார்க்கும் கிராணி எழுதிய பட்டியலில் மச்சான் பெயரும் இருந்தது. வழியெல்லாம் பயந்து வந்ததில் அக்காவின் முகம் வெளிறிக் கிடந்தது. அவளைக் கொஞ்சம் சிரிக்க வைக்கத்தான் நான் வயலைக் காட்ட ஆரம்பித்தேன்.

இருவரையும் பரணில் ஏற்றிவிட்டுக் கயிற்றை இழுத்தேன். பொன்னிறக் கதிருக்குள்ளிருந்து சின்னக் குருவிகள் கூட்டமாக எழும்பி, ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி இறங்கின. தூரத்து மடையில் கொக்குகள். வாய்க்காலில் ஒரு நீர்நாய் தன் மூன்று குட்டிகளோடு கெளுத்தி மீனைக் கடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

“இது நாயாடா? கீரி மாதிரியில்ல இருக்கு!” என்று அக்கா வாய்விட்டுச் சிரித்தாள்.

“கிட்டப் போய்ப் பாருங்க மச்சான், ஓடாது” என்றேன். அவரும் இறங்கி வாய்க்கால் கரைக்குப் போனார்.

அப்போதுதான் சாலையில் லாரி வந்து நின்றது.

மூன்று ஜப்பான்காரர்கள் இறங்கினார்கள். ஒருவன் அதிகாரி, கையில் வேட்டைத் துப்பாக்கி. மச்சான் ஓடப் பார்த்தார். “ஓடாதீங்க! நெல்லுக்குள்ள படுங்க!” என்று தொண்டைக்குள்ளேயே கத்தினேன். அவர் கதிருக்குள் மறைந்தார். அக்காவைப் பரணில் படுக்க வைத்து, சாக்கை மேலே இழுத்துவிட்டுக் கீழே இறங்கிக் குனிந்து நின்றேன்.

அதிகாரி கொக்குகளைக் காட்டினான். பிறகு கயிற்றைக் காட்டினான். “தாரிக்!” என்றான். இழு என்கிறான். பறவைகள் எழும்பினால்தானே சுடலாம். அந்தப் பக்கத்துக் கயிறு மச்சான் கிடந்த இடத்துக்கு மேலேதான் போகிறது. என் கை எழவில்லை.

“தாரிக்!”

இழுத்தேன். இரண்டு வெடி. ஒரு கொக்கு தடுமாறி, நெல்லுக்குள் விழுந்தது. சிப்பாய் ஒருவன் வயலில் கால் வைத்தான்.

“நான் எடுக்கிறேன், துவான்!” என்று மலாயில் கத்திக்கொண்டே அவனுக்கு முன்னால் ஓடினேன்.

மச்சான் மல்லாந்து கிடந்தார். தண்ணீர் காதுவரைக்கும். மூக்கும் வாயும் மட்டும் வெளியே. சிறகொடிந்த கொக்கு அவருக்கு ஒரு முழம் தள்ளித் துடித்துக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்தார், கண்ணை மூடிக்கொண்டார். நான் பறவையைத் தூக்கினேன். மணிக்கட்டில் கொத்தியது. வலி தெரியவில்லை.

கொக்கை வாங்கிக்கொண்ட அதிகாரியின் பார்வை பரணடியில் நின்றது. அங்கே மூன்று சிரட்டைகளில் நாங்கள் பாதி தின்று வைத்த மரவள்ளிக்கிழங்கு. அவன் மேலே சாக்கைப் பார்த்தான்.

“என் அக்கா. காய்ச்சல், துவான். குளிர் காய்ச்சல்” என்று உடம்பை உதறிக் காட்டினேன். சாக்கும் உண்மையாகவே நடுங்கிக்கொண்டிருந்தது. மூன்றாவது சிரட்டை யாருடையது என்று கேட்டால் என்ன சொல்வது? அவன் கேட்கவில்லை. காய்ச்சல் என்றதும் இரண்டடி பின்வாங்கி, சிப்பாய்களிடம் ஏதோ சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தான்.

லாரிச் சத்தம் அடங்கி வெகுநேரம் கழித்தே மச்சான் எழுந்தார். உடம்பெல்லாம் அட்டை. அக்கா ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டுக்கொண்டே என்னைத் திட்டினாள். “காட்டுறேன் காட்டுறேன்னு அவரைக் கீழ எறக்குனது நீதானடா!”

மச்சான் தோட்டத்துக்குத் திரும்பவில்லை. அறுவடைவரை என்னோடு இருந்துவிட்டு, புக்கிட் கட்டில் ஊர்ப் பக்கம் ஒரு மலாய்க்காரர் நிலத்தில் கிழங்கு போட்டுப் பிழைத்தார். அக்கா மட்டும் அன்றே என் கூலி அரிசியோடு தோட்டத்துக்குப் போய், புருஷன் தன்னை விட்டுவிட்டு எங்கோ ஓடிவிட்டான் என்று கிராணியிடம் அழுதாள். அவர் நம்பினார். ஆனால் பட்டியலில் ஒரு ஆள் குறையக் கூடாது. மச்சானுக்குப் பதிலாக அக்காவின் பக்கத்து வீட்டுக்காரரை ஏற்றிப்போனார்கள். அவர் திரும்பி வரவே இல்லை.