அபு வலீத் வாங்கிய மாவு

திபேரியாஸ் ஏரித்துறையில் மூட்டை தூக்குகிறவர் அபு வலீத். ஆள் மலை மாதிரி. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமோ என்று பயப்படுகிற ரகம். என் முடிதிருத்தும் கடையில் வந்து உட்கார்ந்தால், போகும்போது ஒரு 'வரேன்' மட்டும்தான்.

எங்கள் யூதத் தெருவின் மாவுக்கிடங்கு வருடத்தில் ஒரு வாரம் அவருக்குச் சொந்தம். பாஸ்கா பண்டிகையில் புளிக்கக்கூடிய எதையும் நாங்கள் வைத்திருக்கக் கூடாது. அதனால் எல்லாவற்றையும் அரபியான அவருக்கு விற்று, சாவியையும் கொடுத்துவிட்டு, பண்டிகை முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்வோம். விற்றது நிஜமாக இருக்க வேண்டும். சும்மா நடித்தோம் என்று ஆகிவிட்டால், அந்த மாவை எந்த யூதனும் பிறகு வாயில் வைக்க முடியாது.

நாற்பத்தேழில் யூதருக்கு ஒன்று, அரபிக்கு ஒன்று என்று எங்கள் நாட்டைக் கூறுபோடாமல் ஒன்றாகவே விட்டார்கள். ஒரே பாராளுமன்றம், ரோந்துக்கு ஒரு யூதன், ஒரு அரபி. கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஒரே அடுப்பில் இரண்டு மருமகள்கள் சமைக்கிற வீட்டில் வாழ்ந்து பார்த்தால்தான் அருமை தெரியும்.

அறுபத்து மூன்றில் மழை பொய்த்து ஊரெங்கும் மாவுக்குத் தட்டுப்பாடு. பண்டிகையின் நடுவில், மலைக் கிராமம் ஒன்றில் கிணற்றுத் தகராறு முற்றி, யூதக் காவலாளி ஒருவன் ஓர் அரபு வாலிபனைச் சுட்டுக் கொன்றுவிட்டான். மறுநாள் என் கடைக்கு ஒரு அரபுத் தலைகூட வரவில்லை.

அபு வலீத்தின் ஒரே மகன் வலீத், கூட்டாளிகளோடு வந்து அப்பாவை மறித்தான். "யாபா, அவங்க சட்டப்படியே மாவு உன்னுது. சாவியைக் குடு. செத்தவன் ஊருக்குக் கொண்டு போறோம்."

"யோசிக்கிறேன்" என்றார் அவர்.

அந்தச் சொல் எங்கள் தெருவுக்கு வந்து சேர்ந்தபோது, 'குடுக்கப்போறார்' என்று மாறியிருந்தது. ரொட்டிக்கடை ரஹாமிமின் மகன் ஷப்தாய் ஒரு அவசரக்குடுக்கை. பட்டப்பகலில் சுத்தியலால் கிடங்குப் பூட்டை உடைத்து, தன் பூட்டைத் தொங்கவிட்டான்.

கொஞ்ச நேரத்தில் கிடங்கு வாசலில் இரண்டு பக்கமும் கம்போடு கூட்டம். நடுவில் ரோந்துக்காரர்கள் இருவர். அவர்களே ஒருவரையொருவர் நம்பாமல் பார்த்துக்கொண்டார்கள்.

எங்கள் மதகுரு ஹாகாம் பெகோர் தள்ளாடி வந்து நின்றார். "அபு வலீத், ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். இன்னிக்கு இந்த மாவு யாரோடது?"

எல்லாருக்கும் புரிந்துவிட்டது. 'என்னுது' என்றால் ஷப்தாய் திருடன். விலங்கு மாட்டி இழுத்துப் போவார்கள், கம்புகள் பேசும். 'உங்களோடதுதான், போகட்டும்' என்றால் விற்பனை நாடகம். எங்கள் தெரு முழுக்கப் பட்டினி.

"என்னுது" என்றார் அபு வலீத்.

ரோந்துக்காரர்களில் அரபி, ஷப்தாயின் தோளில் கை வைத்தான்.

"விடுங்க அவனை. நான்தான் பூட்டை மாத்தச் சொன்னேன்."

"எதுக்கு?"

அவர் மகனைப் பார்க்கவில்லை. "எங்க பசங்க உடைச்சுத் திறந்துடுவாங்கன்னு பயந்தேன்."

அப்படி ஒரு பொய்யை நான் கேட்டதே இல்லை. ஷப்தாயின் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. தன்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை என்பது அவனுக்குத் தெரியுமே. ஹாகாம் கண்ணை மூடி, "அப்ப மாவு நல்ல மாவுதான்" என்றார்.

வலீத் அப்பாவின் காலடியில் துப்பினான். "எங்களுக்கு எதிரா ஒரு யூதனைக் காவல் வெச்சியா? இனி நீ யாரோ, நான் யாரோ." பையைத் தூக்கிக்கொண்டு யாஃபா நகரத்துக்குப் போகிற பஸ்ஸில் ஏறிவிட்டான்.

பண்டிகை முடிந்தது. மாவு எங்களிடம் திரும்பி வந்தது. முதல் ரொட்டியை அவர் வீட்டுக்குக் கொண்டுபோவது வழக்கம். ஷப்தாய்க்குத் தனியாகப் போக தைரியமில்லை. நான் கூடப் போனேன். உள்ளே அவர் மனைவி அழுகிற சத்தம். அபு வலீத் வாசலிலேயே எங்களை நிறுத்தினார்.

ஷப்தாய் தலை குனிந்தான். "மாமா, என்னைக் காப்பாத்திட்டீங்க."

அபு வலீத் ரொட்டியை வாங்கிக்கொண்டார். "இனி சுத்தியலை எடுக்கும்போது யோசிச்சு எடு. மறுபடி உனக்காகப் பொய் சொன்னா, பறிகொடுக்க எங்கிட்ட இன்னொரு மகன் இல்லடா."