நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி

என் அண்ணன் துபாயில் குழாய் வெல்டர். விடுமுறைக்கு எங்கள் ஊர் முக்கூடலுக்கு வந்திருந்தபோது, மேசையில் கிடந்த என் ஆராய்ச்சிப் படத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான்.

“அது வெறும் காயிதம்ணே. நீ வெல்டு அடிச்ச குழாயைப் படம் எடுக்குற எக்ஸ்ரே பிலிம் இல்ல” என்றேன் எரிச்சலாக.

அவன் நடுவிலிருந்த வெள்ளைப் புள்ளியைத் தொட்டான். “டங்ஸ்டன் விழுந்திருக்கு. நாங்க வெல்டு அடிக்கிற டங்ஸ்டன் கம்பி முனை உடைஞ்சு வெல்டுக்குள்ள விழுந்தா இப்படித்தான் தெரியும். வெட்டி எடுத்துட்டுத் திரும்ப அடிக்கணும்.”

அவன் சொன்னது சரி. அது டங்ஸ்டன்தான். அணுக்கருக்களை இணைத்து மின்சாரம் எடுக்கப்போகும் உலையில், பல கோடி டிகிரியில் பிளாஸ்மா என்னும் மின்னேறிய வாயு கொதிக்கும். சுவரிலிருந்து உதிரும் டங்ஸ்டன் அதன் நடுவுக்குப் போய்ச் சேர்ந்தால், வெப்பத்தையெல்லாம் ஒளியாகக் கொட்டி பிளாஸ்மாவையே அணைத்துவிடும். அதன் போக்கைத்தான் நான் கணினியில் கணக்கிடுகிறேன்.

“இங்கன வெட்ட முடியாதுண்ணே. நடுவுல சூட்டைக் கூட்டுனா அதுவே வெளிய நகரும்” என்று அடுத்த படத்தைக் கொடுத்தேன்.

அதையும் ஜன்னலுக்கு நேரே பிடித்தான். இந்த முறை காகிதம் என்று நான் சொல்லவில்லை. நடுவில் புள்ளி இல்லை. ஓரத்தில் மட்டும் மெல்லிய வெளுப்பு. அவன் மூலைக்கு மூலை பார்த்து முடிக்கும்வரை பரீட்சை எழுதியவள்போல நின்றேன்.

“இது பாஸ்” என்றான்.