வேப்பிலை டொக்டர்

மீன் வெட்டிக்கொண்டிருந்தபோது வானொலியின் மரண அறிவித்தலில் டொக்டர் இராசநாயகத்தின் பெயர் கேட்டது. கை கழுவாமலே எழும்பி லிங்கநகர் வீதியில் அங்கும் இங்கும் நடந்தேன். அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அவரோடு நான் பேசித் தீர்க்காத வழக்கு ஒன்று இருக்கிறது. இனி அதை யாரோடு பேசுவது?

பிரசவ வாட்டில் என்னைப்போல் அவரோடு தாதியாக, அவர் வாயில் 'மிஸி'யாக, வேலை செய்தவர்களுக்கு அவர் குணம் தெரியும். தொண்டை கரகரத்தால் போதும், தன் வீட்டு வாசல் படலையில் வேப்பிலை கட்டிவிட்டு உள்ளே இருந்துவிடுவார். அம்மை கண்ட வீடென்று ஒருவரும் கிட்டப் போகமாட்டார்கள். "நோட்டீஸ் ஒட்டினா ஆர் மிஸி மதிக்கினம்?" என்பார். ஊரில் அவருக்கு வேப்பிலை டொக்டர் என்றே பெயர். காய்ச்சலோடு வேலைக்கு வந்து நல்ல பெயர் வாங்கும் டொக்டர்மாரைக் கண்டால் அவருக்குப் பிடிக்காது. "உங்கட தொண்டை நோ பிள்ளை பெத்தவளுக்குத் தொத்தினா அவள் காய்ச்சலில போயிடுவாள். இதில என்ன பெருமை?" என்று முகத்துக்கு நேரே கேட்பார்.

ஒருநாள் மூதூரிலிருந்து வரும் லோஞ்சுப் படகில் ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். பிள்ளையின் கால் முதலில் வந்திருந்தது. மற்ற டொக்டர் கந்தளாய்க்குப் போயிருந்தார். இராசநாயகத்தின் வீட்டுக்கு ஓடிப்போய்ப் பார்த்தால் படலையில் வேப்பிலை. அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு உள்ளே போனேன்.

"நீங்கள் வராட்டி தாயும் பிள்ளையும் போயிடும்."

"வாறன். ஆனா அறைக்குள்ள வர ஏலாது. உங்கட கையால செய்யுங்கோ."

பிரசவ அறை யன்னலுக்கு வெளியே தள்ளி நின்று, நோகிற தொண்டையால் கத்திக் கத்திச் சொன்னார். நான் செய்தேன். பிள்ளையின் தலை சிக்கிவிட்டது. தாய் பிழைத்தாள், பிள்ளை பிழைக்கவில்லை.

அவளுடைய புருஷன் டொக்டரிடமே போய்க் கேட்டார். "நீங்க உள்ள வந்திருந்தா எண்ட புள்ள தப்பியிருக்குமா, டொக்டர்?"

"தப்பியிருக்கலாம்," என்றார். வேறொருவர் என்றால் ஆண்டவன் சித்தம் என்று நழுவியிருப்பார்.

வாட்டில் இருந்த மற்றத் தாய்மார் எல்லோரும் சுகமாக வீடு போனார்கள். அவர் உள்ளே வந்திருந்தாலும் அப்படித்தான் போயிருப்பார்களோ? இதைச் சொல்லி எத்தனையோ தரம் அவரோடு சண்டை பிடித்தேன். "செத்த பிள்ளையை நீங்கள் பாத்தீங்கள், மிஸி. சாகாமல் போன தாய்மாரை என்னால காட்ட ஏலாது," என்பார். எனக்கு அது போதவில்லை. இன்றும் போதவில்லை.

ஆனாலும் அதற்குப் பிறகு, தொண்டை நோவோடு வந்த எந்த டொக்டரையும் நான் பிரசவ அறைக்குள் விட்டதில்லை. வாசலில் நின்று மறித்து, ஏச்சு வாங்கியிருக்கிறேன். மறிக்கும்போதெல்லாம் பிள்ளையைப் பறிகொடுத்த அந்த மூதூர்க்காரரின் முகம் முன்னால் வரும். டொக்டரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த மறிப்புத்தான்.